ஏரிக்குள்ள எறங்குப்பா

ஏம்பா தம்பி, லேப்டாப்ப மடியில வச்சிகினு தென்னேரிக் கரை மேல உக்காந்துட்ட. நெழலு நல்லாருக்கா? திரையன்னு அந்தக்கால ராசா கட்டினதாச் சொல்ற அம்மாம் பெரிய ஏரி, உன் கையகலத் திரையில கட்டங்கட்டமா அடங்கிப்போச்சு. நானும் வாயப் பொளந்து பாத்துகினுதான் இருக்கேன்.

ஹெக்-ராஸ்னு சொன்னியே, அமெரிக்கப் பட்டாளத்து இன்ஜினியருங்க செஞ்சு சும்மாவே குடுக்குற சாஃப்ட்வேரு. நல்ல சாமான்தான். எவ்ளோ தண்ணி வந்தா எவ்ளோ மண்ணு நகரும், எங்க படியும்னு கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனா தரைமட்டம் என்ன, மண்ணு பருமன் என்னன்னு அது உன்னத்தான கேக்குது? பழைய ரிஜிஸ்டரப் பாத்து நீ ஒரு நம்பரத் தட்டுனா, மறுபேச்சு பேசாம கலர் கலராப் படம் போட்டுடும். நம்ம காஞ்சிபுரத்துத் தறியில ஜக்காடு அட்டையில ஓட்டைய மாத்திக் குத்தினா மயிலுக்குப் பதிலு காக்கா விழும். பட்டு மேலயா பழி?

ஏரி முழுக்கச் சராசரி ஒரு அடி தூருன்னு போட்டுட்டியாமே! வரத்துக்கால் வாயில வேகம் கொறைஞ்சதும் மணலு மொதல்ல விழுந்துடும். நைசான களிதான் மிதந்து போயி மதகாண்ட உக்காரும். உன் சராசரிய நம்பி எறங்கினவன் ஒரு எடத்துல கரண்டக்கால் நனைவான், இன்னொரு எடத்துல காணாமப் போவான். அளவுக்கல்லு தண்ணி ஏறினதச் சொல்லுமே தவிர, அடியில மண்ணு ஏறினதச் சொல்லாது. அதனால மழைக்கப்பால படகுல போயி, ஒலி அனுப்பி ஆழம் பாக்குற கருவிய ஓட்டு. கோடையில, மதகத் தொறந்து மூடுற நீர்க்கட்டியக் கூட்டிகினு உள்ள நட. அவுரு கால்ல இருக்குற கணக்கு உன் பென் டிரைவுல இல்ல. டீ நீ வாங்கிக் குடுக்கணும், சொல்லிட்டேன்.

பட்டணத்தாரு மட்டும் என்ன? 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாத்துல எறங்கினப்பதான் முழிச்சாங்க. ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம்லாம் சேந்து சி-ஃப்ளோஸ்னு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செஞ்சு 2019ல கொண்டாந்தாங்க. வெள்ளம் வந்துட்டுப் போன தெருவுல எவ்ளோ ஒசரம் நின்னுச்சுன்னு செவுத்துக் கறையப் பாத்துக் குறிச்சா, மாடல் சொல்றது நெசமான்னு ஒரைச்சுப் பாக்கலாம். நீயும் அப்படி ஒரைச்சுப் பாத்துட்டு வா, அப்பால நம்பறேன்.

வண்டல் எடுக்க இப்போ தாசில்தார் அனுமதியே போதும், 2024லேர்ந்து. வெவசாயிக்கு நல்ல காலம். ஆனா எங்க தோண்டலாம், எங்க தோண்டினா கரை பலவீனமாவும்னு உன் படத்துல காட்டு. இல்லாட்டி ரோட்டுக்குக் கிட்ட எது இருக்கோ அதையே லாரிக்காரன் பள்ளம் பண்ணிட்டுப் போவான்.

இதயெல்லாம் யாரு பாத்துக்கணும்னு பக்கத்துல உத்திரமேரூர்ல 921லயே கல்லுல வெட்டி வச்சிருக்கான். ஏரி வாரியத்துக்குன்னு தனியா ஆளு. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரெழுதின ஓலையும் கொடத்துல விழாது, அவன் சொந்தக்காரன் பேரும் விழாது. அப்போ நம்ம ஊர்ல பாதிப் பேரு வீட்டுலதான் குந்தியிருந்திருப்பான், என்னையும் சேத்து.

சரி, நீர்பிடிப்பு ஓரத்துல வெள்ளரி போட்டிருக்கானே உன் தாய்மாமன், அந்த எடத்துக்கு என்னா கலரு அடிச்சிருக்க? பச்சையா? அழிச்சுட்டு நீலம் அடி. யாரு சொன்னதுன்னு கேட்டா கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னுடு, எம்பேர இழுக்காத.