பிடிப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர்

கே: விமான நிலையத்தில் துப்பாக்கியோடு நிற்கிறார்களே, அவர்கள் போலீஸா, ராணுவமா? (திண்டுக்கல்)

ப: இரண்டும் இல்லை. மத்திய தொழில் பாதுகாப்புப் படை, சுருக்கமாக சி.ஐ.எஸ்.எஃப். பொதுத்துறை ஆலைகளைக் காவல் காக்க 1968-ல் சட்டம் போட்டு, 1969-ல் தொடங்கிய படை. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானம் டெல்லிக்கு வராமல், கடத்தப்பட்டு, காந்தஹாரில் போய் நின்றது அல்லவா? அதன் பிறகுதான் இவர்களை விமான நிலையங்களுக்கு அழைத்தார்கள். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் முதல் போணி. அதற்கு முன்பு நம் பைகளைக் கிளறியது மாநிலப் போலீஸ். இவர்களும் காக்கி, அவர்களும் காக்கி. நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

கே: அவர்களால் என்னைக் கைது செய்ய முடியுமா? (காரைக்குடி)

ப: என்ன செய்துவிட்டு இந்தக் கேள்வி கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை. முடியும், வாரண்ட் இல்லாமலே. 1968 சட்டத்தில் 11-ஆம் பிரிவு கைது செய்ய, 12-ஆம் பிரிவு சோதனை போட. ஆனால் அடுத்ததாக 13 ஒன்று இருக்கிறது: பிடித்த ஆளை வீண் தாமதம் இல்லாமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடுவதும், துருவி விசாரிப்பதும், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் உள்ளூர் காவல் நிலையத்தின் வேலை.

கே: எதற்கு இந்தக் கைமாற்று வேலை? அவர்களுக்கே முழு போலீஸ் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் கேஸ் சீக்கிரம் முடியுமே! (ஈரோடு)

ப: முடியும். யாருக்குச் சாதகமாக முடியும் என்பதுதான் கேள்வி. பிடித்தவரே எழுதி, எழுதியவரே விசாரித்து, விசாரித்தவரே சாட்சிக் கூண்டிலும் ஏறினால், நடுவில் "இந்த ஆளை எதுக்கய்யா பிடிச்சீங்க?" என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். இப்போது ஆளைக் கொண்டுபோய் நிறுத்தும்போது ஸ்டேஷனில் இருக்கும் எஸ்.ஐ. அலுத்துக்கொண்டாவது அதைக் கேட்கிறார். கேஸ் தன் தலையில் விழுமே என்ற அலுப்புதான். இருந்தாலும் பயணிக்கு அது ஒரு பாதுகாப்பு.

தவிர, அரசியல் சாசனப்படி போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மத்தியப் படையின் கையில் எஃப்.ஐ.ஆர். புத்தகத்தைக் கொடுத்துவிட்டால், மாநில அரசு மீனம்பாக்கம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும்.

அந்தப் படைவீரர்களின் சிரமமும் நிஜம். சென்னையில் ஒருவனைப் பிடித்தவர், கேஸ் கோர்ட்டுக்கு வரும்போது குவாஹாட்டியில் இருப்பார். அதற்கு வீடியோவில் சாட்சி சொல்ல வசதி செய்துகொடுங்கள். சட்டத்தை ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

கே: சுங்கத் துறையினர் மட்டும் தாங்களே பிடித்து, தாங்களே எழுதுகிறார்களே? (திருச்சி)

ப: திருச்சியிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்! தங்கம் விஷயத்தில் 1962 சுங்கச் சட்டம் தாராளம். 104-ஆம் பிரிவில் கைது, 108-ஆம் பிரிவில் வாக்குமூலம், இரண்டும் ஒரே துறையில்.

வேடிக்கை இனிமேல்தான். போலீஸிடம் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டால் அதை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட் ஏற்காது. போலீஸின் கைவண்ணம் தெரிந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே போட்ட விதி. அதையே சுங்க அதிகாரியிடம் சொன்னால் செல்லும். அவர் போலீஸ் இல்லை என்பது உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம். போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் இதே குடைக்குள் வெகு நாள் ஒதுங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2020 அக்டோபரில், அந்தக் குடை பறந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர், 'விசாரணை அதிகாரம் இருக்கிறதா, அப்படியானால் நீங்களும் போலீஸ்தான், உங்களிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது' என்று தீர்ப்பு எழுதினார்கள்.

ஆகவே, விமான நிலையக் காவலருக்குக் கூடுதல் அதிகாரம் கேட்கிறவர்கள் கூடவே வரும் கடிவாளத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரம் மட்டும் பார்சல் என்றால் எந்தக் கடையிலும் கொடுக்கக் கூடாது.

இலவச இணைப்பு: சுங்க அதிகாரி உங்கள் உடலைச் சோதிக்க வந்தால், கெசட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்ட்ரேட் முன்போ அழைத்துப் போகச் சொல்ல 102-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. இடுப்பில் ஒன்றும் இல்லாதவர்கள் தைரியமாகக் கேட்கலாம்.

கே: ஹிந்தி தெரியாது என்றால் முறைக்கிறார்களே? (கோவை)

ப: 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழியிடமே "நீங்கள் இந்தியரா?" என்று ஒரு காவலர் கேட்டதும், படைத் தலைமை விசாரணைக்கு உத்தரவிட்டதும் நினைவிருக்கும். எம்.பி. என்பதால் விசாரணை. 2023 டிசம்பரில் கோவாவில் ஒரு தமிழ்ப் பெண் இன்ஜினீயருக்கும் அதே அனுபவம். தமிழ்நாட்டு முதலமைச்சர் கண்டிக்க வேண்டியிருந்தது. மொழிப் பரீட்சை வைக்கும் அதிகாரம் 11-ஆம் பிரிவிலும் இல்லை, 12-லும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கே: காவலரே பயணியை அடித்தால்? (சேலம்)

ப: 2024 ஜூனில் சண்டிகர் விமான நிலையத்தில் நடிகை கங்கனா ரணாவத்தை ஒரு பெண் காவலர் அறைந்தார். படை அவரை சஸ்பெண்ட் செய்தது. வழக்குப் போட்டது பஞ்சாப் போலீஸ். அடுத்த மாதமே ஜெய்ப்பூரில் விமான நிறுவனத்தின் பெண் ஊழியர் ஒருவர் படை அதிகாரியை அறைந்தார். அங்கே கைது செய்தது ராஜஸ்தான் போலீஸ். இரண்டு அறைக்கும் அந்தப் படையே எஃப்.ஐ.ஆர். எழுதியிருந்தால், முதலாவது ஒரு வரியிலும் இரண்டாவது ஒன்பது பக்கத்திலும் வந்திருக்கும் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

கே: அமெரிக்காவில் எப்படி? (நாகர்கோவில்)

ப: ஊருக்கு ஊர் வேறு. சிகாகோ கதை மட்டும் சொல்கிறேன். ஓஹேர் விமான நிலையத்தில் நகராட்சிக்கென்று தனிப் பாதுகாப்பு அதிகாரிகள். சட்டைமுதுகில் 'போலீஸ்' என்று கொட்டை எழுத்து, இடுப்பில் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கியும் வேண்டும் என்று அவர்களுடைய சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. 2017 ஏப்ரல் 9 அன்று, விமான ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, சீட்டை விட்டு எழ மறுத்த 69 வயது மருத்துவரை இவர்கள் தரதரவென்று இழுத்து வந்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. அவருக்கு மூக்கு உடைந்து பல் போனது. சில மாதங்களில் சட்டையிலிருந்து அந்த எழுத்தையே எடுக்கச் சொல்லிவிட்டது நகர நிர்வாகம். கேட்டது துப்பாக்கி, போனது பெயர்.

கே: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனை வாசல் வரை போய் வழியனுப்பலாமா? (தஞ்சாவூர்)

ப: அந்த ஊர் சாங்கி விமான நிலையத்தில் செக்-இன் வரை தாராளமாக. வழியனுப்புவதற்கென்றே மலிவு டிக்கெட் ஒன்று வாங்கி உள்ளே நுழைந்தால் கைது செய்வார்கள். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் அல்லது 2 வருடம் வரை சிறை. அழுகையை வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கே: 'பையில் வெடிகுண்டு இருக்கு' என்று தமாஷ் செய்தால்கூடப் பிடிக்கிறார்களாமே? (மதுரை)

ப: மீனம்பாக்கத்தில் அந்தத் தமாஷ் எடுபடாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டிகள் அங்கே வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. கடத்தல்காரர்களின் தந்திரம் என்று நினைத்து அசட்டையாக இருந்துவிட்டதாக அப்போது பேச்சு. 2024 அக்டோபரில் புரளி மழை கொட்டி நூற்றுக்கணக்கான விமானங்கள் அல்லாடியதும், டிசம்பரில் விதியைத் திருத்தினார்கள். பாதுகாப்புக்குத் தேவை என்றால் ஒருவரை விமானத்தில் ஏற்றாதே, ஏறியவரை இறக்கு என்று உத்தரவிடும் அதிகாரம் சிவில் விமானப் பாதுகாப்புத் துறைத் தலைவருக்கு வந்திருக்கிறது. எழுத்தில்தான் உத்தரவிட வேண்டும். இந்த வகை அதிகாரத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தாள் இருந்தால் நாளைக்குக் கோர்ட்டில் நீட்டி நியாயம் கேட்கலாம்.

கே: பேத்திக்குக் கொப்பரைத் தேங்காய் எடுத்துப் போகிறேன். ஆபத்து உண்டா? (பொள்ளாச்சி)

ப: உங்களுக்கு இல்லை, கொப்பரைக்கு உண்டு. சர்வதேச விமான விதிப்படி அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள். வாரண்ட் இல்லாமல் பிடித்துக்கொள்வார்கள், எஃப்.ஐ.ஆர். கிடையாது, ஜாமீனும் கிடையாது. முறுக்கு கொண்டுபோங்கள்.