காபித் தோட்டத்தில் கல்யாண இடம் பார்த்தல்: சேர்வராயன் மலையை முன்வைத்து ஒரு விசாரணை

இடம் பார்த்தல் என்பது பெண் பார்த்தலுக்கும் பத்திரிகை அடித்தலுக்கும் இடையில் நிகழும் சடங்கு. சாத்திரங்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மண்டபம் ஊருக்குள் இருந்தவரை, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரே மாலை நடையோடு இதை முடித்துவிடுவார். பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம், பாத்திரம் உண்டா, தண்ணீர் வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டால் ஆய்வு முடிந்தது. கல்யாணம் மண்டபத்தை விட்டு மலைத் தோட்டத்துக்கு ஏறியபின் பொறுப்பு நண்பர்களிடம் போய்விட்டது. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகள் இந்த மாற்றத்தை ஆராய ஏற்ற இடம்.

முதலில் பருவம். மார்கழியையும் ஆடியையும் பஞ்சாங்கமே விலக்கிவிடுகிறது. கார்த்திகையையும் தையையும் விலக்குவது காபி. அந்த மாதங்களில் பழம் பறிப்பு நடக்கும். பறித்த பழத்தின் தோலை நீக்கி, கொட்டையைக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். மலைச்சரிவில் அமைந்த எஸ்டேட்டில் சமதரை என்று சொல்லத் தக்கது பெரும்பாலும் இந்தக் களம் ஒன்றுதான். மணமேடை, நாற்காலி, பந்தி, பாட்டுக் கச்சேரி எல்லாம் இதன்மேல்தான் அமைய வேண்டும். பறிப்பு ஓய்ந்து மாசிவாக்கில் களம் காலியானதும் இடம் பார்க்கும் கூட்டம் மலையேறத் தொடங்கும். அழைப்பிதழில் ‘வசந்த கால மணவிழா’ என்று கவிதையாக அச்சாவதன் வேளாண் காரணம் இவ்வளவே. 1820களில் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் இப்படி ஒரு பயனை எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. கார் நிறுத்த ஓர் இடமும் அவர் விட்டுவைக்கவில்லை.

அடுத்தது பூ. காபி மொட்டு வறண்ட மாதங்களில் அடங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் அளவுக்கு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரேயடியாக வெள்ளையாகப் பூக்கும். மணம் மல்லிகையைப் போன்றது. மூன்று நான்கு நாளில் எல்லாம் வாடிப் பழுப்பாகிவிடும். இந்த நாட்களில் வந்து சேரும் நண்பர் குழு வாடகையைக் கேட்காமலே சம்மதிக்கும். ஆனால் முகூர்த்தத்தைக் குறிப்பவர் ஜோசியர். பூவைத் தீர்மானிப்பது மழை. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே, பார்த்த அன்று இருந்த பூ கட்டிய அன்று இராது என்பதை இத்துறையின் முதல் விதியாகக் கொள்ளலாம். அதே மழை முகூர்த்தத்தன்று விழுந்தால் எஸ்டேட்காரருக்கு அது அடுத்த மகசூல். பெண் வீட்டாருக்கு ஷாமியானா செலவு.

நண்பர் குழுவின் அமைப்பு விரிவாக நோக்கத் தக்கது. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றை எண்ணுபவர் ஒருவர், எண்ண வேண்டாம் என்று கெஞ்சியபடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருபவர் ஒருவர். மூன்றாமவர் படம் எடுப்பவர். சில்வர் ஓக் மரத்தையும் அதில் ஏறிய மிளகுக் கொடியையும் கண்டதும், “மச்சி, இங்கதான்டா தாலி கட்டணும்” என்று அறிவிப்பவர் அவரே. அங்கே நிற்க இருவருக்கு மட்டுமே இடம் இருக்கும். ஐயர் சரிவில்தான் உட்கார வேண்டும். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அதற்கு மேல் இந்த ஆய்வில் அவருக்கு வேலை இல்லை.

குழுவுக்குக் கருத்து உண்டு, அதிகாரம் இல்லை. அதிகாரம் மலையடிவாரத்தில், கைப்பேசியின் மறுமுனையில் இருக்கிறது. “ஏங்கண்ணு, பாத்ரூம் எத்தன இருக்குது? பெரியப்பா முட்டிவலியோட அந்தப் படி எறங்குவாரா?” மாப்பிள்ளையின் அம்மா கேட்கும் இவ்விரு கேள்விகளுக்கும், எடுத்த அத்தனை படங்களிலும் விடை இராது.

விவரம் தெரிந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், ஜெனரேட்டர் எத்தனை விளக்கைத் தாங்கும், மேகம் இறங்கினால் எந்தப் பக்கம் ஈரமாகும் என்று சொல்வார். “இருட்டுனா காட்டெருமை வரும். அதும்பாட்டுக்கு நின்னு பாத்துட்டுப் போயிடும்” என்பதையும் சேர்த்துச் சொல்வார். அழைப்பில்லாத விருந்தாளிக்கு இலை போடுவது பற்றி ஒப்பந்தங்கள் மௌனம் சாதிக்கின்றன.

எஸ்டேட்டைப் பார்த்தபின் ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், மிளகாய் பஜ்ஜி என்று ஆய்வு தொடரும். பஜ்ஜிக்கடையில் கழிந்த நேரம் களத்தில் கழிந்த நேரத்தைவிடக் குறைவாக இருந்த பயணம் இதுவரை பதிவாகவில்லை.

பெரும்பாலான பயணங்களின் முடிவு ஒன்றே: கல்யாணம் சேலத்து மண்டபத்தில், போட்டோ ஷூட் எஸ்டேட்டில். பாத்ரூம், முட்டிவலி, ஜெனரேட்டர் ஆகிய மூன்று சிக்கல்களும் இதனால் ஒருசேரத் தீர்கின்றன. படம் பிடிக்கக் களம் காலியாக இருக்க வேண்டியதில்லை என்பதால் தை மாதத்திலும் வரலாம். காயும் கொட்டையை மிதிக்கக் கூடாது என்பது மட்டும் மேஸ்திரியின் நிபந்தனை.