வல்லினம் மிகும் இடம், மிகா இடம், பலகையில் இடமில்லா இடம்

முன்னுரை

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என இரண்டைத்தான் இலக்கண நூல்கள் சொல்கின்றன. பலகையில் இடம் தீர்ந்துபோன இடம் என மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்

மதுரை மாட்டுத்தாவணி முதல் பெரியார் பேருந்து நிலையம் வரையுள்ள கடைப் பலகைகள். ஆய்வுக் கருவி, டவுன் பஸ்ஸின் சன்னலோர இருக்கை. டிரைவர் பிரேக் போட்ட இடங்களில் தரவு மிகும். ஆக்சிலேட்டரை மிதித்த இடங்களில் மிகாது.

கண்டறிந்தவை

1. ஒற்று: 'தயிர்க்கடை' என்றால் தயிரை விற்கும் கடை. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஒற்று மிகும். 'தயிர் கடை' என்றால் தயிரைக் கடை என்னும் ஏவல், மிகாது. பலகையில் இருந்தது இரண்டாவது. ஆக, அரை லிட்டர் வாங்கப் போனவரிடம் பலகை மத்தைக் கொடுத்து உட்கார வைக்கிறது. விழுந்த 'க்' வீணாவதில்லை. நாலு கடை தள்ளி, 'எங்கள் புதியக் கிளை'யில் போய் உட்கார்ந்திருக்கிறது. பெயரெச்சத்துக்குப் பின்னால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஓர் ஊரின் ஒற்றுகள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை, வீடு மாறுகின்றன. இதற்கு 'ஒற்று அழியா விதி' எனப் பெயரிடுகிறேன்.

2. ரகர, றகரம்: எண்ணெயில் போட்டால் பொரித்த மீன், முத்திரையில் போட்டால் பொறித்த மீன். 'பொறித்த மீன் கிடைக்கும்' என்றது ஒரு பலகை. பாண்டியர் நாணயங்களில் மீன் பொறித்திருப்பதால், மதுரையில் மட்டும் இதைப் பிழை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பக்கத்திலேயே 'கோழிக் கரி'. கரி என்றால் யானை, அடுப்புக்கரியும்தான். மாஸ்டர் அசந்த நாளில் இரண்டாவது பொருள் பொருந்தும்.

3. ழகர, ளகரம்: 'வாளைக்காய் பஜ்ஜி'. வாளை என்பது மீன். அது காய்த்த செய்தி இதுவரை இல்லை. சைவர்கள் கவனிக்க.

4. நிறுத்தக்குறி: "சுத்தமான" பசும்பால் என்று மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தது. அழுத்திச் சொல்லப் போட்ட குறிதான். படிக்கிறவர் மனத்தில் தண்ணீர் கலந்துவிடுகிறது.

காரணம்

பெயர்ப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. விதி அளவைக் கேட்கிறது, ஒற்றைக் கேட்பதில்லை. ஏணியில் நின்ற பெயிண்டரிடம் நான் கேட்டேன். "சார், அந்த 'க்'கப் போட்டா 'டை' ரோட்டுக்குப் போயிரும்ல" என்றார். மூன்றாவது இடம் இத்துடன் நிறுவப்பட்டது.

முடிவுரை

இறங்கிய கையோடு 'தயிர் கடை'யில் அரை லிட்டர் வாங்கினேன். கட்டித் தயிர், புளிப்பே இல்லை. தயிர் நன்றாயிருக்கும் இடத்தில் ஒற்று மிகாவிட்டாலும் குற்றமில்லை என்பதே ஆய்வின் முடிபு. ஒற்றும் மிகாமல் தயிரும் புளித்திருந்தால் மட்டும் வாசகர்கள் அடுத்த கடைக்குப் போகலாம்.