மிகைக்குறி வழக்கு

எடுத்துவிட்டாலும் கணினிக்குப் பொருள் விளங்கும் என்று கருதப்படும் குறியை நிரல்மொழியில் மிகைக்குறி எனலாம். முத்து அண்ணாமலை 2009-இல் கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய தமிழ் நிரல்மொழியான எழிலில், நிபந்தனை ‘@( வயது > 18 ) ஆனால்’ என்று தொடங்கி ‘முடி’ என்று முடியும். அந்த @ வேண்டுமா, வேண்டாமா என்பதே ஒலுவில் துறைமுகக் கல்லணையில் நடந்த வழக்கு. வாதி, மொழியைத் திருத்தப் புறப்பட்ட தம்பி. பிரதிவாதி, கல்முனை டியூட்டரியில் கணினி படிப்பிக்கும் காக்கா.

தம்பி: @ சும்மா கெடக்கு காக்கா. மிகை. கழட்டுவம்.

காக்கா: ‘ஆனால்’, ‘வரை’, ‘ஆக’ எல்லாம் அடைப்புக்குறிக்குப் பொறகுதான் வருது. முன்னுக்கு @ நிண்டாத்தான் என்ன வரப்போகுதெண்டு கணினிக்கு வெளங்கும். அந்த மொழியில ஒரு நிரலாவது எழுதினியா?

தம்பி: எழுதுறது மிகை.

காக்கா: ‘முடி’ய?

தம்பி: அதையும்தான். பைத்தன்ல வரிய உள்ளுக்குத் தள்ளினாப் போதுமே.

காக்கா: பைத்தன்ல நிபந்தனைக்குப் பின்னால முக்காற்புள்ளி இரிக்கே, அது எதுக்கு? முந்தி ஏபிசி எண்ட மொழியில பரிசோதிச்சு, ஆக்களுக்கு வாசிக்க லேசா இரிக்கிண்டு கண்டுதான் வெச்சாங்க.

தம்பி: பரிசோதனையும் மிகை.

தம்பியின் கட்சி முழுக்கத் தவறில்லை. ‘சமமில்லை’ என்பதற்குப் பைத்தனில் இரண்டு குறிகள் இருந்தன. மூன்றாம் பதிப்பு ஒன்றை நீக்கியது, யாரும் அழவில்லை. ஆனால் எல்லா மிகையும் அப்படி வீணாகக் கிடப்பதில்லை. பழைய ஃபோர்ட்ரானில் இடைவெளிக்கு மதிப்பில்லை, மாறியை முன்கூட்டி அறிவிக்கவும் வேண்டாம். ‘டூ 10 ஐ = 1,10’ என்னும் சுழல் கட்டளையில் காற்புள்ளி இருக்குமிடத்தில் புள்ளி விழுந்தால், ‘டூ10ஐ’ என்றொரு புதிய மாறி முளைத்து 1.10 என்ற மதிப்பை வாங்கிக்கொள்ளும். சுழல் சுழலாது, பிழைச்செய்தியும் வராது. பிழையைக் காட்டிக்கொடுக்க வேண்டிய சாட்சியைச் சிக்கனம் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

காக்கா: பழைய நிரல் வெச்சிரிக்கிறவன்கள்ட கேட்டியா?

தம்பி: கேக்கிறதா? மிகை காக்கா.

காக்கா: (எழும்பி நின்று) இஞ்ச பாரு மனே! 2013-ல தொறந்த துறைமுகம் இது. வாயில மணல் மூடி, போட் வெளிக்கிட வழியில்லாம மீனவன் ரோட்டுக்கு எறங்கினான். வடக்கால கரையக் கடல் திண்டு, தென்னயெல்லாம் வேரோட சாஞ்சிச்சு. மணல் எந்தப் பக்கம் ஓடுதெண்டு கரவலக்காரனுக்குத் தெரியும். அவன்ட்ட கேட்டா ஒங்களுக்கெல்லாம் என்னடா கொறஞ்சிரும்?

தம்பி: (மெதுவாக) அப்ப கழட்டவே ஏலாதா?

காக்கா: ஏலும். முதல்ல பழசையும் புதுசையும் ஏத்துக்கிற பதிப்பு விடணும். பழசுக்கு எச்சரிக்க காட்டணும். நிரல மாத்துற கருவி குடுக்கணும். பொறகுதான் கழட்டணும். பைத்தன் 3 வந்தது 2008 டிசம்பர்ல. பைத்தன் 2-ஐக் கைவிட்டது 2020 ஜனவரி 1-ல.

தம்பி: பதினொரு வருசமா? எனக்கு வெள்ளிக்கிழம அறிக்க குடுக்கணும் காக்கா!