திடீரென்று விழுந்தால் சலுகை

அயர்லாந்தில் 2009-இல் வந்தது 'ஃபேர் டீல்' திட்டம். பராமரிப்பு இல்லத்தில் சேரும் முதியவர் தன் வருமானத்தில் 80 சதவீதம், சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 7.5 சதவீதம் கட்டுவார். மிச்சம் அரசின் பொறுப்பு. குடியிருந்த வீட்டுக்கு மூன்று ஆண்டோடு கணக்கு முடிந்துவிடும். பண்ணை நிலத்துக்கு முதலில் அப்படி இல்லை. பக்கவாதம் மாதிரி திடீரென்று விழுந்தால் அங்கேயும் மூன்று ஆண்டுதான். மறதிநோய் போல மெல்ல மெல்ல வந்தாலோ மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, விவசாயி எந்த நோயில் படுப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டியிருந்தது!

இந்தக் கோணலை நிமிர்த்த 2021 வரை ஆயிற்று. அதுவும் சும்மா இல்லை: குடும்பத்தில் ஒருவர் ஆறு ஆண்டு பண்ணையைக் கவனிப்பதாக உறுதி தர வேண்டும். டப்ளினில் கணினி தட்டும் பிள்ளைக்கு மாட்டின் மேல் திடீர்ப் பாசம் பொங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

வீட்டிலும் ஒரு கோணல் இருந்தது. பராமரிப்பு இல்லம் போன பாட்டியின் காலி வீட்டை வாடகைக்கு விட்டால், அந்த வாடகையிலும் முன்பு 80 சதவீதம் போய்விடும். வாடகை வீட்டுக்கு ஊரே அலைந்தபோதும் பலர் பேசாமல் பூட்டி வைத்ததில் என்ன அதிசயம்? 2022-இல் அதை 40 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில் பூஜ்யம். அதற்குள் கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் தாராளமாகக் குடி வைக்கலாம்.