வராமலே வரலாறு படைத்த கார்

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் இங்கிலாந்தில் ரொட்டிக்குக்கூட ரேஷன் இருந்த காலம். அப்போது ரேமண்ட் மேஸ் என்ற ரேஸ்காரர் ஆலை முதலாளிகளின் படியேறிப் போய், இத்தாலிக்காரர்களின் கொட்டத்தை அடக்க நம் நாட்டுக்கு ஒரு ரேஸ் கார் வேண்டும் என்று கை நீட்டினார். மனுஷர் பேசினால் பூட்டிய கல்லாவும் திறக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பணமாகவும் பாகமாகவும் கொடுத்தன. அத்தனை பேர் கொடுத்தால் அத்தனை பேரும் முதலாளிதானே? கமிட்டி கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. கார் மட்டும் வரவில்லை.

லிங்கன்ஷயரில் போர்ன் என்ற சிற்றூர். அங்கே மேஸின் வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பீட்டர் பெர்த்தான் காரை வடிவமைத்தார். அன்றைய விதிப்படி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்தால் எஞ்சின் ஒன்றரை லிட்டருக்குள் இருக்க வேண்டும். வைக்காவிட்டால் நாலரை லிட்டர்வரை போகலாம். அந்த ஒன்றரை லிட்டரில் ஆல்ஃபா ரோமியோ எட்டு சிலிண்டர் வைத்து எல்லோரையும் துவைத்துக் காயப்போட்டுக் கொண்டிருந்தது. பெர்த்தான் பதினாறு வைத்தார். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 93 சிசி, அதாவது நம் ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இல் இருப்பதைவிடச் சிறியது. அப்படிப் பதினாறை ஒன்றாகக் கட்டி, நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றவிட்டால் 500 குதிரைசக்திக்கு மேல் கிடைத்தது. எழுந்த ஊளையில் காது கிழிந்தது. சத்தத்துக்குக் கோப்பை கொடுப்பதாக இருந்தால் பிஆர்எம் வி16 என்ற இந்தக் காரை அசைக்க ஆளே இருந்திருக்காது.

சூப்பர்சார்ஜரை ரோல்ஸ்-ராய்ஸ் கொடுத்தது. போர் விமான எஞ்சின் செய்து பழகிய கை. விமானம் ஒரே சீரான வேகத்தில் பறக்கும். வானத்தில் ஊசிமுனைத் திருப்பம் கிடையாது. ரேஸ் தடத்தில் அதுதான் பிழைப்பே. இந்த வகை சூப்பர்சார்ஜரில் எஞ்சின் சுற்ற ஏறஏறத்தான் அழுத்தம் ஏறும். திருப்பத்தில் மிதித்தால் ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் மிதிப்பார். சரியாக வெளியே வரும் நேரத்தில் மொத்த சக்தியும் மொத்தமாக வந்து இறங்கும், பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழலும். தான் ஓட்டியதிலேயே மோசமான கார் இதுதான் என்று ரேஸ் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் பிற்பாடு சொன்னதில் பொறாமை ஏதும் இல்லை.

1950 ஆகஸ்ட், சில்வர்ஸ்டோன். நாடே காத்திருந்த அரங்கேற்றம். பிரெஞ்சு வீரர் ரேமண்ட் சொம்மே உட்கார்ந்திருக்கிறார். கொடி விழுந்தது. கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. இழுவை அச்சு போயே போச்சு. தள்ளிக்கொண்டு போன காருக்குள் ரசிகர்கள் பென்னிக் காசுகளை வீசினார்கள். ஏற்கெனவே வசூலித்தது போதாதென்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

1951 பிரிட்டிஷ் கிராண்ட் பிரிக்ஸில் இந்தக் காரை ஓட்டிய ரெஜ் பார்னெல் ஐந்தாவது, பீட்டர் வாக்கர் ஏழாவது. இரண்டு பேரும் புகைக்குழாய்ச் சூட்டில் வெந்து இறங்கினார்கள். என் கணக்கில் அன்றைய உண்மையான சாதனை அதுதான். அன்று ஆல்ஃபாவை வீழ்த்திய ஃபெராரியில் சூப்பர்சார்ஜரே இல்லை: நாலரை லிட்டர், சாதா எஞ்சின்.

இனிதான் கிளைமாக்ஸ். அந்த ஆண்டோடு ஆல்ஃபா கடையைக் கட்டியது. 1952-இல் ஃபெராரியோடு மோத மிச்சமிருந்தது பிஆர்எம்தான். ஏப்ரலில் டூரின் பந்தயத்துக்கு வரும் என்று எல்லோரும் பார்த்திருக்க, மேஸ் காரை அனுப்பவில்லை. ஃபாங்கியோ என்ற நட்சத்திர ஓட்டுநரை வைத்து வெள்ளோட்டம் பார்ப்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. ஃபெராரி தனியாக ஓடி தனியாக ஜெயிப்பதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? பந்தய அமைப்பாளர்கள் 1952, 1953 உலக சாம்பியன்ஷிப்பையே ஒரு படி கீழே இருந்த ஃபார்முலா 2 கார்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஓடி சரித்திரம் படைத்த கார்கள் நிறைய. வீட்டில் இருந்தே விதியை மாற்றியது இது ஒன்றுதான். ஃபெராரியும் சளைக்காமல் ஃபார்முலா 2 காரைக் கொண்டுவந்து இரண்டு ஆண்டும் பட்டத்தை அள்ளியது வேறு கதை.

ஃபாங்கியோவின் பாடு இன்னும் பரிதாபம். ஜூனில் வட அயர்லாந்தின் டண்ட்ராடில் இந்தக் காரை ஓட்டினார், பாதியில் நின்றது. மறுநாள் மோன்ஸாவில் மசெராட்டி ஓட்ட வேண்டும். பாரிஸ்வரை வந்தவருக்கு அதற்குமேல் விமானம் இல்லை. இரவெல்லாம் கார் ஓட்டிப் போய், தூக்கக் கலக்கத்தோடு பந்தயத்தில் இறங்கி, விபத்தில் கழுத்தை முறித்துக்கொண்டார். அந்த ஆண்டு அவருக்குப் பந்தயம் அதோடு முடிந்தது.

கமிட்டிக்காரர்கள் கைகழுவ, ஆல்ஃபிரட் ஓவன் என்ற தொழிலதிபர் மொத்தத்தையும் வாங்கினார். வி16 உள்ளூர்ப் பந்தயங்களில் ஊளையிட்டு ஓய்ந்தது. அடுத்த காருக்கு நாலே சிலிண்டர். 1959-இல் டச்சு கிராண்ட் பிரிக்ஸை அதுதான் ஜெயித்துக் கொடுத்தது. 1962-இல் எட்டு சிலிண்டரோடு கிரஹாம் ஹில் உலக சாம்பியன். புத்தி வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? 1966-இல் மூன்று லிட்டர் விதி வந்ததும் மறுபடி பதினாறு சிலிண்டர் எஞ்சின் செய்தார்கள், இந்த முறை எச் வடிவத்தில். அது உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்தது. அமெரிக்காவில், ஜிம் கிளார்க் ஓட்டினார். கார் லோட்டஸ்.