யூர்ட் முன்பதிவியல்: நிலமயக்கம் பற்றிய ஒரு சிற்றாராய்ச்சி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரை தொல்காப்பியருக்குச் சங்கடம் தரக்கூடிய இடம். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆனால் நிலங்கள் மயங்கா என்பது அகத்திணையியல் வகுத்த விதி. காடு முல்லை; கடல் நெய்தல். இரண்டுக்கும் நடுவே பேருக்கு ஒரு வயலாவது வேண்டாமா? ஒரிகனில் சிட்கா ஸ்புரூஸ் மரங்கள் பாறை விளிம்புவரை வந்து நின்று அலையை எட்டிப் பார்க்கின்றன. கிளையெல்லாம் பாசி, இலையெல்லாம் உப்பு. இப்படி விதிமீறி மயங்கிய நிலத்தில், மாநிலப் பூங்கா ஒன்றின் யூர்ட் கூடாரத்தில், ஒரு தமிழ்க் குடும்பம் இரண்டு இரவு தங்குவது எவ்வாறு என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வு எவருடைய நிதிநல்கையும் இன்றி நடந்தது. போர்ட்லண்டின் மேற்குப் புறநகர்களில் கணினிச் சில்லு வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளே ஆய்வுக்களம்.

முதலில் பொருளின் வரலாறு. யூர்ட் என்பது மத்திய ஆசியப் புல்வெளியில் ஆடு மேய்ப்போரின் வீடு. மடக்கி விரிக்கத்தக்க மரப்பின்னல் சுவர், உச்சியில் ஒரு வளையம், வளையத்திலிருந்து சுவருக்கு இறங்கும் கழிகள், மேலே கம்பளிப் போர்வை. புல் தீர்ந்தால் ஆடு நகரும், ஆடு நகர்ந்தால் வீடும் பிரிந்து ஒட்டகத்தின் முதுகில் ஏறும். மங்கோலியரின் இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் இது பரவிய கதை விசித்திரமானது. அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் மங்கோலியா போய்வந்து 1962-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் ஒரு பயணக்கட்டுரை எழுதினார். அதைப் படித்த வில்லியம் கோப்பர்த்வெயிட் என்ற ஆசிரியர் யூர்ட் கட்டத் தொடங்கினார், பலருக்கும் கற்றுத் தந்தார். நீதிபதிகள் தீர்ப்போடு நிறுத்திக்கொள்ளாமல் பயணக்கட்டுரையும் எழுதுவதன் விளைவு இது. 1978-இல் ஒரிகனிலேயே யூர்ட் செய்து விற்கும் நிறுவனம் ஒன்று தோன்றியது. 1994-இல் மாநிலப் பூங்காக்கள் கடலோர முகாம்களில் யூர்ட்களை அமைத்தன.

கம்பளி போய்ப் பூச்சுத் துணி வந்தது. சுவரை இறுக்கிக் கட்டிய கயிறு போய் எஃகு வடம் வந்தது. உச்சித் திறப்பை ஒளி ஊடுருவும் குமிழ் ஒன்று மூடிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு மரமேடையின்மீது நிலையாக அமர்ந்துவிட்டது. நினைத்தவுடன் கிளம்புவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட வீட்டில் தங்க, இன்று ஆறு மாதம் முன்னதாகவே இடம்பிடிக்க வேண்டும். செங்கிஸ்கானுக்கு இந்த விதி இருந்திருந்தால் உலக வரலாறு பெரிதும் அமைதியாகக் கழிந்திருக்கும்.

ஆறு மாதம் என்றது என்னை எனின், பூங்காவின் பதிவேடு அவ்வளவு தூரத்துக்குத்தான் திறக்கும் என்க. இதில் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. ஆகஸ்ட் 31 அன்று தங்க விரும்புபவர் ஆறு மாதம் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 31-இல் போய் நிற்பார். அந்த நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை, பாம்புப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அது பிப்ரவரி 28-ஐக் குறிக்கும் என்பது ஒரு சாரார் கொள்கை, மார்ச் 1-ஐக் குறிக்கும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இரு சாராரும் வாதம் முடித்துக் கணினியைத் திறக்கும்போது ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமைகள் அனைத்தும் போயிருக்கும் என்பதே கள ஆய்வு காட்டும் உண்மை.

இங்கேதான் தொல்காப்பியர் மீண்டும் உதவிக்கு வருகிறார். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். முன்பதிவுப் பக்கம் திறக்கும்வரை கணினிமுன் இருத்தல். திறந்தபின் காலியிடம் இல்லை என்று கண்டு இரங்கல். முல்லையும் நெய்தலும் மயங்கிய நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒழுக்கம் இருக்க முடியாது. மருதத்தின் ஊடலும் இதில் கலக்கும் என்பதற்குச் சான்றாக, ஓர் ஆய்வு வாகனத்தின் முன்னிருக்கையில் பதிவான உரையாடல்:

“ஏங்க, பெட்ஷீட் எடுத்து வச்சீங்களா?”

“யூர்ட்டுல கட்டில் இருக்குன்னு நீதானே சொன்ன?”

“கட்டில் இருக்குன்னேன். பெட்ஷீட் இருக்குன்னா சொன்னேன்?”

இருவர் சொன்னதும் உண்மை. கட்டிலும் மெத்தையும் பூங்காவுடையவை, விரிப்பும் தலையணையும் நம்முடையவை. சுமார் 16 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் ஓர் அடுக்குக் கட்டில், மடித்தால் சோபாவாகும் ஒரு மெத்தை, மின்விளக்கு, அறைச்சூடேற்றி. ஐந்து பேர் படுக்கலாம். கழிப்பறை பெரும்பாலும் வெளியே, மழையில் நடந்து போகும் தொலைவில். குழந்தைகளுக்கு அது நள்ளிரவில்தான் நினைவுக்கு வரும் என்பது தனியே ஆராயத்தக்கது.

வட்ட வீடு வாஸ்து சாத்திரத்துக்கு விடும் அறைகூவலும் சிறிதன்று. ஈசான்ய மூலை எங்கே? கன்னி மூலை எங்கே? மூலையே இல்லாத வீட்டில் பெட்டியை எங்கே வைப்பது, அடம்பிடிக்கும் பிள்ளையை எங்கே போய் உட்காரச் சொல்வது? மங்கோலியர் இதை எளிதாகத் தீர்த்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் வாசல் தெற்கு நோக்கும், எதிரே வடபுறம் பெரியவர்களுக்குரிய இடம், மேற்கு ஆண்களுக்கு, கிழக்கு பெண்களுக்கும் சமையலுக்கும். நம் குடும்பங்களின் தீர்வு இன்னும் எளிது: வாசலருகே செருப்பு, மற்ற எல்லா இடத்திலும் எல்லாம்.

சமையலுக்கு வருவோம். மங்கோலிய வீட்டின் நடுவில் அடுப்பு எரியும், புகை உச்சித் திறப்பு வழியே போகும். திறப்பு மூடப்பட்ட ஒரிகன் யூர்ட்டில் அடுப்புக்கு அனுமதி இல்லை. சமையல் வெளியே, மேசையருகே, வானத்தின் கருணைக்கு உட்பட்டு. மழையில் தோசைக்கல் சூடாவதில்லை என்பதை மூன்று தலைமுறை தோசை அறிவு இருந்தும் சிலர் நேரில் கண்டுதான் ஒப்புக்கொள்கிறார்கள். இவ்வாய்வாளரின் பரிந்துரை கட்டுச்சோறு. புளியோதரைக்கு அடுப்பு வேண்டாம், இரண்டாம் நாள் சுவை கூடும், மீந்தாலும் கெடாது. ஆனால் இரவில் அதை வெளிமேசையில் விட்டுவைக்கலாகாது. ரக்கூன் என்னும் விலங்கு பாத்திர மூடியைக் கையால் திறக்கவல்லது.

கருப்பொருள் பட்டியலில் மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மரம் ஸ்புரூஸ், ஹெம்லாக். பறவை ஸ்டெல்லர் ஜே, கொண்டையிட்ட நீலத் திருடன், காலைச் சிற்றுண்டியில் பங்கு கேட்கும். ஊர்வன வாழைப்பழ நத்தை, ஓடில்லாதது, ஒரு சாண் நீளம்வரை வளரும், செருப்பின்றி நடப்பவரைத் திருத்தும். பறை, கூரைத் துணிமேல் விழும் மழை. யாழ், பக்கத்து முகாமில் கிட்டார் பழகும் இளைஞன். அவன் இரவு பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும் என்பது பூங்காவின் விதி, ஆண்டவனின் கருணை.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்வது பெரும்பிழை. காசு மிச்சம் என்பது வாதம். ஆனால் ஆஷ் மரங்களைத் துளைத்துச் சாகடிக்கும் மரகதப் பச்சை வண்டு 2022-இல் ஒரிகனில் முதன்முதலாகப் பிடிபட்ட ஊர் ஃபாரஸ்ட் குரோவ், அதாவது நம் ஆய்வுக்களத்துக்கு அடுத்த வீடு. வெட்டிய கட்டைக்குள் வண்டின் புழுக்கள் ஒளிந்து பயணம் செய்யும், அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. விறகைத் தங்கும் இடத்திலேயே வாங்கி அங்கேயே எரிக்க வேண்டும்.

கடலைப் பொறுத்தவரை இவ்வாய்வாளருக்கு விளையாட்டு இல்லை. இக்கரைக்கு எதிரே கடலடியில் ஒரு நிலத்தட்டு மற்றொன்றின்கீழ் நுழைந்துகொண்டிருக்கிறது. 1700 ஜனவரி 26 இரவு அது குலுங்கி எழுப்பிய ஆழிப்பேரலை ஜப்பான்வரை போயிற்று. அந்தத் தேதியை நமக்குச் சொன்னதே ஜப்பானியர் எழுதிவைத்த குறிப்புகள்தான். ஆகவே யூர்ட்டின் சாவி வாங்கியவுடன் வைஃபை எங்கே என்று கேட்பதற்குமுன் மேட்டுக்குப் போகும் வழி எது என்று பார்த்துக்கொள்க. சாதாரண நாளிலும் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம். திடீரென உயர்ந்து வரும் அலை கரையில் கிடக்கும் பெருமரத் துண்டையும் உருட்டும், அதன்மேல் ஏறி நிற்பவரையும் உருட்டும்.

இனி முடிபு. கோடையில் கூடாரத்தோடு வருபவர்களுக்குக் குறைவில்லை. மழைக்காலத்தில் முகாம்கள் வெறிச்சோடின. அந்தப் பருவத்துக்கு ஆள் சேர்க்கவே பூங்காத் துறை யூர்ட்டைக் கொண்டுவந்தது. மங்கோலியப் புல்வெளி நகரமான உலான் பாத்தரில் ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழை, ஒரிகன் கடற்கரையில் ஏறத்தாழ 2,000. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல்வரை பெய்வது. முல்லைக்குரிய பெரும்பொழுது கார்காலம் என்று நம் இலக்கணம் சொன்னதும் பூங்காத் துறை நினைத்ததும் ஒன்றே. ஆகஸ்டில் யூர்ட்டுக்காக அடித்துக்கொள்வோர் பருவமறியாதார். அந்த மாதத்துக்கு ஒரு சாதாரணக் கூடாரம் போதும்.

எனவே பிப்ரவரி 31-ஐத் தேடுவதை விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை இருந்தால் டிசம்பர் இறுதியில் ஒரு புதன்கிழமை பாருங்கள். சாம்பல் திமிங்கிலங்கள் தெற்கே போகும் நேரம் அது. குடை வேண்டாம், காற்று அதைப் பிய்த்துவிடும். ஆளுக்கொரு மழைக்கோட்டு, இரண்டு இணை காலுறை, பெட்ஷீட்.